இடது முன் சக்கரம்

மூன்றாவது பழைய இரும்புக் கடையிலிருந்தும் வெறுங்கையோடு வெளியே வந்த வீரசிங்கம், காரின் கதவைத் திறக்க ஓங்கி இழுத்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"பாஸ், இதையும் உள்ள கொடுத்துட்டு வரட்டா? எடை போட்டு எடுத்துக்குவாங்க" என்றாள் புஷ்பவல்லி.

அவர் கைப்பிடியைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு, மறுபக்கமாகச் சுற்றிப்போய் ஏறினார். கிள்ளான் துறைமுக நகரத்து வெயிலில் காருக்குள் ரொட்டியே சுடலாம் போலிருந்தது.

வீரசிங்கம் இருபது ஆண்டுகள் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளைக் கிளறிப் பார்த்தவர். இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையற்கடையின் மேல்மாடியில் சொந்தத் துப்பறியும் அலுவலகம். புஷ்பவல்லி அவருடைய உதவியாளர், காரோட்டி, தட்டச்சர். அதற்குமுன் ஏழு வருடம் ஒரு லோரி கம்பெனியில் இருந்தவள். அவள் வாய் மட்டும் எந்தக் கம்பெனியிலும் லீவு எடுத்ததில்லை.

வழக்கு இதுதான். ஒன்பது நாட்களுக்கு முன், துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்க் கிடங்குகளைக் காக்கும் ஒரு தனியார் தீயணைப்புப் படையின் (ஊர்வாயில் 'பொம்பா') ஒன்றாம் நம்பர் வண்டி, தீப்பிடித்த ஒரு பலகைக் கிடங்கை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. வழியில் அதன் இடது முன் சக்கரம் கழன்று ஓடியது. வண்டி சாலையோரக் கால்வாயில் சாய்ந்தது. ஓட்டிய நாகையாவுக்குச் சின்னச் சிராய்ப்புதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயராஜின் இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போனது.

நாகையா சாலையோரத் திட்டில் மோதினான், அதனால்தான் சக்கரம் கழன்றது என்றது நிர்வாகம். மறுநாளே அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. முடிவு ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டுவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

நாகையாவின் மனைவி லெட்சுமி மாடியேறி வந்து சொன்னது ஒரே வாக்கியம். "அவரு பதினாறு வருஷமா பொம்பா லோரி ஓட்றாரு சார், ஒரு கண்ணாடியைக்கூட உரசினது கிடையாது."

ஆனால் அந்த நாகையாவே வாயைத் திறப்பதில்லை. "மோதல சார்" என்பான். அதற்குமேல் கேட்டால் தரையைப் பார்ப்பான். ஜெயராஜ் ஆஸ்பத்திரியில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றான். மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தச் சக்கரம். திட்டில் மோதியிருந்தால் அதன் விளிம்பில் அடி தெரியும். மோதவில்லை என்றால் தெரியாது. சாதாரண விஷயம்.

அந்தச் சக்கரம்தான் விபத்துக்கு மறுநாள் படையின் வளாகத்திலிருந்து காணாமல் போயிருந்தது.

"அலுமினிய ரிம், பாஸ். பழைய இரும்புக் கடையில அலுமினியத்துக்கு எப்பவும் மரியாதை. யாராவது தூக்கிட்டுப் போய் இங்கதான் போட்டிருக்கணும்" என்று காலையில் சொன்னவள் புஷ்பவல்லிதான்.

"மூணு கடை பார்த்தாச்சு" என்றார் வீரசிங்கம் இப்போது.

"மூணு கடை முதலாளி தவுக்கேயும் ஒரே மாதிரி 'தாக் அடா லா', இல்லவே இல்லன்னு கைய விரிச்சுட்டாங்க. ஆனா நான் சும்மா வரல." அவள் சட்டைப்பையிலிருந்து கயிற்றில் கட்டிய ஒரு கறுப்பு வளையத்தை எடுத்துக் காட்டினாள். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம். "கடைசிக் கடைக்காரர் கொடுத்தாரு. வெள்ளிச் சாயம் பூசின இரும்ப அலுமினியம்னு சொல்லி தினமும் யாராவது கொண்டு வராங்களாம். இத தொங்கவிட்டா போதும். ஒட்டுனா இரும்பு, ஒட்டலேன்னா அலுமினியம்."

"அதை வச்சு நாம என்ன பண்றது?"

"உங்க கார் கதவ ஒட்டவைக்கலாம்."

வீரசிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். "பொம்பா ஆபீஸுக்கு விடு. அந்த என்ஜினியர், ஸ்டோர் மேனேஜர் ரெண்டு பேரையும் இன்னொரு தடவை பார்த்துடுவோம்."

அந்த இரண்டு பேரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டிய சிரமம் இல்லாமல் போயிற்று. படையின் அலுவலக நடையிலேயே இருவரும் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சண்முகரத்தினம் வண்டிகளுக்குப் பொறுப்பான என்ஜினியர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கழுத்துப்பட்டை வெயிலிலும் தளராது. ராதாகிருஷ்ணன் ஸ்டோர் மேனேஜர். அவர் கையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து குலுங்கும். புதிதாக இரண்டு தீயணைப்பு வண்டிகள் வரப்போகின்றன. அவற்றுக்கு அலுமினியச் சக்கரமா, இரும்புச் சக்கரமா என்பதுதான் அவர்களுடைய வாழ்க்கைப் பிரச்சினை.

"வாங்கோ வீரசிங்கம், நீங்களே சொல்லுங்கோ" என்றார் சண்முகரத்தினம். "தண்ணி நிரப்பின வண்டி எந்த நேரமும் முழுப்பாரத்தோட நிக்குது. ரிம்மாவது இலேசா இருக்க வேண்டாமோ? அலுமினியம் துருப்பிடிக்காது. பிரேக் சூட்டையும் சீக்கிரம் இறக்கிப்போடும்."

"இரும்பு அடிபட்டா வளையும் சார், தட்டி நிமித்திக்கலாம்" என்றார் ராதாகிருஷ்ணன். "அலுமினியம் அடிபட்டா விரிசல் விடும். விரிசல் விட்டா தூக்கிப் போட வேண்டியதுதான். இருபது வருஷம் இரும்புலதான் ஓடுச்சு, என்ன குறைஞ்சு போச்சு?"

"எனக்கு எந்த ரிம் நல்லதுன்னு தெரிய வேணாம்" என்றார் வீரசிங்கம். "அந்த ஒரு ரிம் எங்க போச்சுன்னு தெரியணும். நாலு நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"எங்க போனா என்ன?" ராதாகிருஷ்ணன் சாவியைக் குலுக்கினார். "டிரைவர் மோதிட்டான். கமிட்டி அப்படித்தான் எழுதியிருக்கு."

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்முகரத்தினமும் தலையாட்டினார். வீரசிங்கத்துக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. குற்றம் டிரைவருடையது என்றால் அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்தவரும் தப்பு செய்யவில்லை, இரும்பு வேண்டும் என்றவரும் தப்பு செய்யவில்லை. இருவருக்கும் நிம்மதி.

"போன வருஷம் இந்த மூணு வண்டிக்கும் அலுமினியம் போட நீங்க எப்படி சார் சம்மதிச்சீங்க?" என்று புஷ்பவல்லி ராதாகிருஷ்ணனைக் கேட்டாள். "கத்தியக் காட்டுனாங்களா?"

"நாலு மீட்டிங் போச்சு. கடைசியில ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். ஓடுற சக்கரம் அவர் இஷ்டம். ஸ்பேர் சக்கரம் என் இஷ்டம். ஸ்டோர்ல நல்ல இரும்பு ரிம் கிடக்கும்போது சும்மா படுத்திருக்கிற ஸ்பேருக்கு எதுக்கு அலுமினியம்?"

"சபாஷ்" என்றாள் புஷ்பவல்லி. "காலுக்கு ஒரு கம்பெனி செருப்பு."

வீரசிங்கம் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

"முடிஞ்சுது புஷ்பா. லெட்சுமிகிட்ட போய், நம்மால முடியலன்னு சொல்லிட்டு பிரிக்பீல்ட்ஸ் போயிடுவோம்."

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. கேலி செய்ய வாயைத் திறந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரைக் கிளப்பினாள்.

நாகையாவின் வீடு ஒரு மலிவு விலை வீட்டுவரிசையின் கடைசியில் இருந்தது. எதிரே வெற்றுத் திடல். அதில் கோடு போட்டு, வலை கட்டி, பேட்மிண்டன் ஆடுகளமாக்கி வைத்திருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு அங்கே இன்னும் யாரும் ஆட வரவில்லை.

வீரசிங்கம் வாசலில் நின்றபடியே லெட்சுமியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் அழவில்லை, கத்தவில்லை. "உள்ள வந்து உட்காருங்க சார், வெயில்ல அலைஞ்சிருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள். அது அவரை இன்னும் குத்தியது. உள்ளே நாகையா பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து, "விடுங்க சார். போறது என் வேலைதானே" என்றான்.

பெரிய பாரம் இறங்கியவனைப் போல அவன் அதைச் சொன்ன விதம் வீரசிங்கத்துக்குப் பிடிக்கவில்லை.

லெட்சுமி ஒரு தட்டில் உளுந்து வடை கொண்டு வந்தாள். வீரசிங்கம் எடுக்கவில்லை. புஷ்பவல்லியும் எடுக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார். அவள் வாசலில் நின்று திடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த பேட்மிண்டன் கம்பம் ரெண்டும் யார் நட்டது?"

"எல்லாரும் சேர்ந்துதான். அந்தப் பக்கத்துது ரொம்ப நாளா இருக்கு. இந்தப் பக்கத்துது சாஞ்சு போச்சுன்னு போன வாரம் இவருதான் புதுசா போட்டாரு."

நாகையா சட்டென்று நிமிர்ந்தான்.

அவன் தடுப்பதற்குள் புஷ்பவல்லி திடலில் இறங்கிவிட்டாள். வீரசிங்கமும் பின்னாலேயே போனார். தூரத்துக் கம்பம், சிமெண்டு நிரப்பிய ஒரு பழைய கார் டயரில் நின்றது. டயர் மொழுமொழுவென்று தேய்ந்து, சுற்றிலும் புல் முளைத்திருந்தது. கிட்டத்துக் கம்பம் நின்றது ஒரு பெரிய லோரி டயரில். அதன் நடுவில் வெளுப்பு மாறாத புதுச் சிமெண்டு. கீழே புல் இன்னும் நசுங்கித்தான் கிடந்தது.

"பாஸ், டயர் மேல இருக்கிற பூவெட்டைப் பாருங்க. பாதிகூடத் தேயல. பேட்மிண்டன் கம்பத்துக்கு யாராவது நல்ல டயர் போடுவாங்களா? அதுவும் மாசக் கடைசியில?"

வீரசிங்கம் மண்டியிட்டார். டயருக்கும் சிமெண்டுக்கும் இடையில் ரிம்மின் விளிம்பு வட்டமாகத் தெரிந்தது. வெள்ளி நிறம். மெல்ல விரலால் தடவிச் சுற்றிலும் பார்த்தார். அடி இல்லை. வளைவு இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

"திட்டுல மோதல" என்றார். "நாகையா, நீ சொன்னது உண்மை. அப்புறம் எதுக்கய்யா உன்னைக் காப்பாத்துற சாட்சியையே சிமெண்டுல புதைச்சே?"

புஷ்பவல்லி கயிற்றை இறக்கினாள். காந்தம் ஒரு கணம் ஆடியது. பிறகு 'டிக்' என்று ரிம்மில் ஒட்டிக்கொண்டது.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

"இது அலுமினியமே இல்ல, பாஸ்."

நாகையா தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது.

விபத்துக்கு முந்திய நாள் சாயந்தரம் இடது முன் டயரில் ஆணி குத்தியிருந்தது. ஜெயராஜ்தான் சக்கரத்தைக் கழற்றி, ஸ்பேராகக் கிடந்த இரும்புச் சக்கரத்தை மாட்டினான். மறுநாள் காலை பெரிய அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள், ஒரு சக்கரம் மட்டும் வேறு நிறமாக இருந்தால் திட்டுவார்கள் என்று நாகையா அதற்கு வெள்ளிச் சாயம் அடித்தான்.

"நட்டு எல்லாத்தையும் அவன் இறுக்கினான் சார். அப்புறம் நானும் ஸ்பானர் போட்டு இழுத்துப் பார்த்தேன். ஒண்ணுகூட அசையல. சத்தியமா அசையல. அப்படியும் கழண்டுடுச்சு." நாகையா முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எங்க தப்பு பண்ணான்னு எனக்குத் தெரியல. ஆனா சக்கரத்த மாட்டினது ஜெயராஜ்னு தெரிஞ்சா, கால் போனவன் தலையிலயே எல்லாத்தையும் கட்டிடுவாங்க. நான் மோதிட்டேன்னு அவங்களே எழுதினப்ப, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். சாமான எடுக்கப் போனப்ப மச்சான் வேன்ல இதையும் ஏத்திட்டேன்."

வாசலில் நின்ற லெட்சுமி, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றாள். "நான் கோயில் கோயிலா போய்ட்டு வரேன். நீங்க கம்பம் நட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க!"

நாகையா எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினான்.

"நட்டு எங்க?" என்றார் வீரசிங்கம்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் சாலையில் பொறுக்கியவற்றை அவன் ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தான். ஐந்து நட்டுகள். பளபளப்பான, ஒரு பக்கம் மூடிய நட்டுகள். குப்பி மூடி மாதிரி. ஒவ்வொன்றுக்குள்ளும் முறிந்த போல்ட்டின் துண்டு இன்னும் சிக்கியிருந்தது. வீரசிங்கம் ஒன்றை எடுத்து அந்தத் துண்டைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. அது நட்டின் மூடிய அடிப்பகுதி வரைக்கும் போய் முட்டி இறுகியிருந்தது. ஐந்திலும் அப்படியே.

அதைத் துணியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "புஷ்பா, அந்த வடையைக் கொண்டா."

"இப்பவாவது பசிச்சுதே."

அவர் தன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். இடதுகையின் முஷ்டியில் பேனாவை நிற்கவைத்து, வடையின் ஓட்டை வழியாக ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வடையைக் கோத்தார். மூடியைப் போட்டு அழுத்தினார். மூடி வடையை நசுக்கி முஷ்டியோடு சேர்த்துப் பிடித்தது.

"பேனாதான் போல்ட்டு. மூடி, நட்டு. வடை, ரிம். அலுமினியம் இரும்பை விட மென்மை. அதனால அந்த ரிம்மைத் தடிப்பாத்தான் செய்வாங்க. ரெண்டு வடை கனம். அதுக்குத் தகுந்த நீளத்துல போல்ட்டு, அதுக்குத் தகுந்த மூடி நட்டு. சரியா? இப்போ இரும்பு ரிம். அது மெலிசு."

ஒரு வடையை எடுத்துவிட்டு மறுபடி மூடியைப் போட்டார். மூடி முழுதாக உள்ளே போய் நின்றுவிட்டது. அதற்குமேல் தள்ள முடியவில்லை. அவர் வடையை விரலால் தட்டினார். அது சுழன்றது.

"நட்டு இறுக்கம்" என்றார் மெதுவாக. "சக்கரம் லூஸ். போல்ட்டு நுனி மூடிக்குள்ள முட்டி நின்னுடுச்சு. நட்டு ரிம்மைத் தொடவே இல்லை. நீ எவ்வளவு இழுத்துப் பார்த்தாலும் ஸ்பானருக்கு அது தெரியாது. ஓட ஓட ஆடி ஆடி, போல்ட்டு ஒவ்வொண்ணா முறிஞ்சிருக்கு."

நாகையா அந்த வடையையே பார்த்தான். "அப்ப ஜெயராஜ் சரியாத்தான்..."

"ரெண்டு பேருமே சரியாத்தான் பண்ணீங்க. ஸ்பேருக்கு வேற போல்ட்டு, வேற நட்டு வேணும்னு உங்ககிட்ட யாரும் சொல்லல. நாலு மீட்டிங் போட்டவங்களுக்கே அது தோணல."

மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை அறையில் வீரசிங்கம் ஐந்து நட்டுகளையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பேசினார். வடைக்குப் பதில் தடித்த அட்டையும் மெல்லிய அட்டையும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், எல்லாவற்றையும் இரண்டு முறை சொன்னார்.

"பார்த்தீங்களோ!" என்றார் சண்முகரத்தினம். "முழுக்க அலுமினியம் எண்டு நான் அப்பவே சொன்னனான்."

"முழுக்க இரும்புன்னு விட்டிருந்தா இது நடந்தே இருக்காது" என்று ராதாகிருஷ்ணன் எழுந்தார்.

வீரசிங்கம் மேசையில் ஓங்கி அறைந்தார். ஒரு நட்டு உருண்டு கீழே விழுந்தது.

"எந்த ரிம் வேணும்னாலும் போட்டுத் தொலைங்க! ரெண்டும் நல்ல ரிம்தான். ரெண்டையும் ஒரே போல்ட்டுல மாட்டச் சொன்னீங்களே, அதைத்தான் கேக்கறேன். மத்த ரெண்டு வண்டியோட ஸ்பேர் இப்போ எங்க இருக்கு?"

ராதாகிருஷ்ணனின் சாவிக்கொத்து நின்றது. "ரெண்டாம் நம்பருக்கு ஸ்டோர்ல இருக்கு" என்றார். உதட்டை நனைத்துக்கொண்டார். "மூணாம் நம்பர் வண்டிக்கு முந்தாநாள் வலது முன் டயர் பங்க்சர். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

வெளியே ஒரு டீசல் என்ஜின் உறுமியது. தினமும் பத்தரைக்கு வண்டியை ஓட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம்.

நாற்காலி சாய்ந்து விழும் சத்தம் கேட்டது. நாகையா கதவைத் தாண்டிவிட்டான். வீரசிங்கமும் புஷ்பவல்லியும் படியிறங்கி ஓடியபோது அவன் திறந்த கேட்டின் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றான். மூன்றாம் நம்பர் வண்டி அவன் நெஞ்சுக்கு முன்னால் குலுங்கி நின்றது. ஓட்டியவன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். "என்னண்ணே, பைத்தியமா? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கன்னு உயிர விடப் போறியா?"

"வலது முன் சக்கரத்த ஜாக்கில தூக்கு" என்றான் நாகையா.

தூக்கினார்கள். சண்முகரத்தினம் மூச்சிரைக்க வந்து, தானே ஸ்பானரை வாங்கி ஒவ்வொரு நட்டாக இழுத்துப் பார்த்தார். "எல்லாம் இறுக்கமாத்தானே கிடக்கு" என்றார். குரலில் ஒரு நம்பிக்கை.

நாகையா குனிந்து டயரை மேலும் கீழுமாக இரண்டு கையாலும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினான்.

டக். டக்.

அந்த வண்டியில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக இறங்கி, யாரும் சொல்லாமலே சுவரோரம் போய் நின்றார்கள். ராதாகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போடவில்லை.

"நாகையா" என்றார் சண்முகரத்தினம். கழுத்துப்பட்டை தோளுக்குப் போயிருந்தது. "நீர் நாளைக்கே வேலைக்கு வாரும். கடிதம் நான் எழுதுறன்."

"வரேன் சார்." நாகையா கையிலிருந்த கறையைக் கால்சட்டையில் துடைத்தான். "அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஜெயராஜ் பத்து நாளா சுவரைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்கான். அவன் நட்டை ஒழுங்காத்தான் இறுக்கினான்னு நீங்க உங்க வாயால சொல்லுங்க. நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பான்."

ராதாகிருஷ்ணன் தன் காரின் கதவைத் திறந்துவிட்டார். சண்முகரத்தினம் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.